மூணு லட்சம் ஓடின வண்டி

வேடசந்தூர்ப் பக்கம் பழைய பிக்கப் வாங்கப் புறப்படுகிறவரிடம் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கிலோமீட்டரைக் கேட்க மாட்டார்கள். "என்ன லோடு ஏத்துன வண்டிண்ணே?" என்றுதான் கேட்பார்கள். நூல் மில்லுக்கு ஓடியதா, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி அடித்ததா, அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஏற்றியதா, எம்-சாண்ட் சுமந்ததா? மீன் வண்டி என்று தெரிந்தால் விலைகூடக் கேட்காமல் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. மீட்டரில் ஒரு லட்சம் காட்டும் வண்டியை விட்டுவிட்டு, மூணு லட்சம் காட்டும் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. வெளியூர்க்காரருக்கு இது விசித்திரமாகப் படும். இரும்பு எங்கே தேய்கிறது, எப்போது தேய்கிறது என்று பார்த்தால், அவர்கள் கேட்பதுதான் சரியான கேள்வி.

மூணு லட்சம் என்பது இந்த ஊரில் பெரிய எண்ணும் இல்லை. திண்டுக்கல்லுக்கும் கரூருக்கும் நடுவே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர், சுற்றிலும் நூற்பாலைகள். நாளுக்கு நூறு கிலோமீட்டர், வருஷத்தில் முந்நூறு நாள் என்று வைத்தால் பத்து வருஷத்தில் மூணு லட்சம் வந்துவிடும். 2005-இல் டாடா ஏஸ் வந்து 'சின்ன யானை' என்று பேர் வாங்கியது. பொலிரோ பிக்கப் ஒரு பக்கம் பெருகியது. 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. அந்த நாளில் தவணையில் எடுத்த வண்டிகள்தான் இன்றைக்கு ஆட்டோ கன்சல்டிங் கடை வாசலில் பாலிஷ் போட்டு நிற்கின்றன.

மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் இன்ஜினுக்குள் என்னவெல்லாம் நடந்திருக்கும்? அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நிமிஷத்தில் ஒரு கிலோமீட்டர் கடக்கிறது. அந்த நிமிஷத்தில் இன்ஜின் சுமார் 2,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூணு லட்சத்துக்கு 60 கோடிச் சுற்று. நான்கு வீச்சு இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் டீசல் எரியும். ஆக ஒவ்வொரு சிலிண்டரிலும் 30 கோடி முறை தீ மூண்டு அணைந்திருக்கிறது. 2,523 சிசி பொலிரோ இன்ஜினில் பிஸ்டன் ஏறி இறங்கும் வீச்சு சுமார் பத்து சென்டிமீட்டர். ஒரு சுற்றுக்கு ஏற ஒன்று, இறங்க ஒன்று, மொத்தம் இருபது சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் வண்டி சாலையில் மூணு லட்சம் ஓடியபோது, பிஸ்டன் ஒரு சாண் உயரக் குழாய்க்குள்ளேயே ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் நடந்திருக்கிறது. பூமியை மூன்று சுற்று சுற்றி வருகிற தூரம் அது.

வெறுங்கையோடும் நடக்கவில்லை. தீ மூளும் கணத்தில் உள்ளே அழுத்தம் நூறு பார் அளவுக்கு, சில இன்ஜின்களில் அதற்கும் மேலே போகும். பிஸ்டன் தலையின் பரப்பு அறுபது சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் தலையில் விழும் விசை ஏறத்தாழ ஆறு டன். வண்டி முதுகில் ஏற்றும் மொத்தச் சரக்கே ஒன்றரை டன் சொச்சம்தான். அந்த ஆறு டன் அடி, நிமிஷத்துக்கு ஆயிரம் முறை.

இத்தனைக்கும் பிறகு அந்த இரும்பு ஏன் தூளாகிப் போகவில்லை? காரணம் எளிது: நன்றாக ஓடுகிற இன்ஜினில் இரும்பும் இரும்பும் பெரும்பாலான நேரம் தொட்டுக்கொள்வதே இல்லை. இரண்டுக்கும் நடுவே ஆயில் படலம் இருக்கிறது. தடிமன் சில மைக்ரான். தலைமுடி சுமார் எழுபது மைக்ரான் என்பதை வைத்துப் பாருங்கள். பிஸ்டன் ரிங் வேகமாக வழுக்கும்போது அதன் முன்னால் ஆயில் ஆப்பு மாதிரி சொருகிக்கொண்டு ரிங்கைத் தூக்கிப் பிடிக்கிறது. வேகம் இருக்கும்வரை படலமும் இருக்கும்.

சிக்கல் திரும்பும் இடத்தில். பிஸ்டன் உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்றுதான் கீழே திரும்பும். அந்தக் கணத்தில் ரிங்கின் வேகம் பூஜ்யம், ஆயிலைத் தள்ளிப் பிடிக்க ஆளில்லை. அதே நேரத்தில்தான் தீயும் மூள்கிறது, சூடும் அழுத்தமும் அங்கேதான் உச்சம். அழுத்தம் ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதைச் சுவரோடு அமுக்குகிறது. ஆகவே அந்தச் சுவராக நிற்கும் லைனர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் அந்த ஒரு வளையத்தில்தான் அதிகம் தேயும். ஹெட்டைக் கழற்றிய இன்ஜினில் சிலிண்டர் சுவரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும். 'லைனர்ல படி விழுந்திருக்கு' என்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு தேய்மானமே இன்ஜினைப் பிரித்துப் போட்டு வேலை பார்க்கப் போதும். படி விழாத இடத்தில் தொழிற்சாலையில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்ட மெல்லிய கோடுகள் அப்படியே தெரியும். ஆயிலைத் தங்க வைப்பதற்காகவே போட்ட கீறல்கள் அவை. லட்சக்கணக்கில் ஓடிய பிறகும் அந்தக் கோடுகள் அழியாத இன்ஜின் உண்டு, ஐம்பதாயிரத்திலேயே கண்ணாடி மாதிரி மழுங்கிப்போன இன்ஜினும் உண்டு.

இந்த வித்தியாசத்துக்குத்தான் லோடு பற்றிய கேள்வி. விடிகாலை ஒருமுறை செல்ஃப் அடித்து, நெடுஞ்சாலை ஏறி, ஒரே சீராகக் கோயம்புத்தூர் வரை போய் வருகிற மில் வண்டியில் ஆயில் சூடாகி, படலம் நிலைபெற்று, அப்படியே மணிக்கணக்கில் ஓடும். ஊருக்குள் தண்ணீர் கேன் போடுகிற வண்டி ஒரு நாளில் முப்பது முறை நின்று கிளம்பும். நின்ற இன்ஜினில் ஆயில் வடிந்து அடியில் உள்ள சம்புக்கு இறங்கிவிடுகிறது. திரும்ப எடுக்கும்போது முதல் சில சுற்றுகள் படலம் கட்டாமலே ஓடுகின்றன. காலையில் ஆறிக் கிடந்த இன்ஜின் என்றால் இன்னும் மோசம்.

அதோடு ஒரு வேதியியல் சமாசாரமும் உண்டு. டீசலில் கார்பனோடு ஹைட்ரஜனும் இருக்கிறது. அது எரிந்தால் தண்ணீர். கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் கணக்கு அதுதான். சூடான இன்ஜினில் அது ஆவியாகவே சைலென்சர் வழியே போய்விடும். ஆறின இன்ஜினில் ஒரு பங்கு குளிர்ந்த சுவரில் படிந்து, டீசலில் உள்ள கந்தகம் எரிந்து வந்த வாயுவோடு சேர்ந்து அமிலமாகும். பி.எஸ்.3 மாசு விதிக் காலத்து டீசலில் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்றிருந்தது. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ்.4 வந்தபோது அது 50 ஆனது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது 10. ஆக, பழைய வண்டி தன் இளமையில் குடித்தது வேறு டீசல். அதை அரைகுறைச் சூட்டில் குடித்திருந்தால் உடம்பு வேறு மாதிரிதான் இருக்கும்.

ஆகவே மீட்டரில் திருத்தமே நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், கிலோமீட்டர் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. திருத்தம் நடப்பதும் உண்டு. பழைய மீட்டரில் கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிப் பின்னோக்கிச் சுற்றினார்கள். இப்போது சிப்பில் இருக்கும் எண்ணை லேப்டாப்பால் மாற்றுகிறார்கள். எண் பொய்யா என்று பார்க்க ஒரு பழைய வழி: கிளட்ச், பிரேக் பெடலின் ரப்பரைப் பாருங்கள். கிளட்ச் ரப்பரின் வலது ஓரம் வழுவழுவென்று தேய்ந்து உள்ளே இரும்பு எட்டிப் பார்த்தால், மீட்டர் எண்பதாயிரம் என்று காட்டுவதை நம்ப வேண்டாம். புத்தம் புது ரப்பர் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கம்ப்யூட்டர் உள்ள சில வண்டிகளில் இன்ஜின் ஓடிய மணிநேரமும் தனியே பதிவாகியிருக்கும். கிலோமீட்டரை மணியால் வகுத்தால் சராசரி வேகம் வரும். ஐம்பதை ஒட்டி வந்தால் நெடுஞ்சாலை வண்டி. இருபத்தைந்துக்குக் கீழே வந்தால் சந்து பொந்து வண்டி. அந்த வகுத்தல் கணக்கு மீட்டரை விட அதிகம் சொல்லும்.

சரி, லைனரும் ரிங்கும் தேய்ந்தால் வெளியே எப்படித் தெரியும்? இதற்கு ருடால்ஃப் டீசலிடம் போக வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் பிளக் நெருப்புப் பொறி தருகிறது. டீசலில் பிளக் கிடையாது. காற்றை அமுக்கினால் சூடாகும் என்ற ஒரே உண்மையின் மேல் அந்த மனிதர் இன்ஜினைக் கட்டினார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதும் இதே விஷயம்தான். பதினெட்டில் ஒரு பங்காகக் காற்றைச் சுருக்கினால் அதன் சூடு ஐநூறு டிகிரி செல்சியஸைத் தாண்டும். டீசல் தானாகப் பற்ற இருநூற்று சொச்சம் டிகிரி போதும். அந்தச் சூட்டுக் காற்றில் டீசலைப் பீய்ச்சினால் பற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். 1897-இல் ஆக்ஸ்பர்க்கில் நடந்த சோதனையில் அவரது இன்ஜின் எரிபொருளின் ஆற்றலில் 26.2 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி இன்ஜின்களுக்குப் பத்து சதவீதத்தை எட்டுவதே பாடு. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். கடலை விளையும் திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்கள் தாராளமாகப் பெருமைப்படலாம், இன்றைய கடலை எண்ணெய் விலைக்கு யாரும் முயற்சி செய்ய மாட்டார்கள் என்றாலும்.

ஆக டீசல் இன்ஜினின் உயிர் கம்ப்ரஷன். ரிங் தேய்ந்தால் அமுக்கும்போதே காற்று ஓரமாக நழுவுகிறது. அழுத்தம் குறைகிறது, கூடவே சூடும் குறைகிறது. ஓடிச் சூடான இன்ஜினில் இந்தக் குறை மறைந்துவிடும், ஏனென்றால் சுவரே சூடாக இருக்கிறது, பிஸ்டன் விரிந்து இடைவெளியை அடைக்கிறது, ஆயிலும் ஓரளவு அடைப்பாக நிற்கிறது. ஆறின இன்ஜினில் குறை அப்படியே வெளிப்படும். செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றும் வேகம் மெதுவானது. நழுவுகிற காற்றுக்கு நழுவ நிறைய நேரம் கிடைக்கிறது. குளிர்ந்த இரும்பு மிச்சச் சூட்டையும் உறிஞ்சிக்கொள்கிறது.

இதனால்தான் வண்டி பார்க்க விடிகாலையில், சொல்லாமல் போகச் சொல்வார்கள். போனதும் சாவியைக் கேட்காமல் பானட்டைத் திறந்து இன்ஜின் மேல் கை வைத்துப் பார்ப்பது வழக்கம். வெதுவெதுப்பாக இருந்தால், "என்னண்ணே, காலையிலேயே எங்கயோ போயிட்டு வந்தீங்களா?" என்று ஒரு வார்த்தை. "இல்ல தம்பி, பேட்டரி இறங்கிடும்னு சும்மா ஒருதடவை எடுத்து வச்சேன்" என்று பதில் வந்தால் சிரித்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, "நாளைக்கு வர்றோம்ணே" என்று கிளம்புவதுதான் நல்லது.

குளிர்நாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே ஒரு விஷயத்தில் ஏமாறுவார்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்தால் பயப்பட வேண்டாம் என்று அவற்றில் எழுதியிருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே உறைந்து கிடந்த இன்ஜினுக்கு அது பொருந்தும். வேடசந்தூரில் மார்கழி விடியலில்கூட அந்தக் குளிர் கிடையாது. வெயில் காலத்தில் விடியும்போதே இருபத்தைந்து டிகிரிக்கு மேல் இருக்கும். அந்தச் சூட்டிலும் டீசல் பற்றாமல் ஆவியாகி, கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகையாக வருகிறது என்றால் கம்ப்ரஷன் போதவில்லை, அல்லது நாசில் சரியாகப் பீய்ச்சவில்லை. குளிர்மேல் பழி போட இங்கே வழியில்லை. அந்த வகையில் பழைய டீசல் வாங்குகிறவனுக்கு இந்தச் சமவெளி நல்ல ஊர்.

இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, கழற்றிய மூடியைத் துளையின் மேல் தலைகீழாகச் சும்மா வைத்துப் பார்ப்பது அடுத்த சோதனை. நல்ல இன்ஜினில் மூடி லேசாக அதிரும், அப்படியே உட்கார்ந்திருக்கும். ரிங் போன இன்ஜினில் புகை குபுகுபுவென்று வரும், மூடி துள்ளிக் கீழே விழும். தீயின் அழுத்தம் ரிங்கைத் தாண்டி ஆயில் சம்புக்கு இறங்கி, அங்கிருந்து மேலே வழி தேடுகிறது. நம் மெக்கானிக்குகள் இதற்கு 'பேக் கம்ப்ரஷன்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதே மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். டீசல் ஆயில் கறுப்பாக இருப்பது கோளாறு இல்லை. கரியைத் தனக்குள் மிதக்க வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. பால் கலந்த காப்பி நிறத்தில் பிசுபிசுப்பு ஒட்டியிருந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட்டில் வெடிப்பு இருக்கலாம். ஆறின இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் தண்ணீரில் விடாமல் குமிழி வருவதும் அதே கேஸ்கெட்டைத்தான் காட்டிக்கொடுக்கும். சூடான இன்ஜினில் அந்த மூடியைத் தொடவே கூடாது, முகம் வெந்துவிடும்.

புகையின் நிறத்தைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள் என்பதால் சுருக்கமாக: கறுப்பு என்றால் டீசலுக்குப் போதுமான காற்று இல்லை, நீலம் என்றால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது, சூடான பிறகும் நிற்காத, தித்திப்பு வாடை அடிக்கும் வெள்ளை என்றால் ரேடியேட்டர் கூலண்ட் உள்ளே போகிறது. இவற்றில் கறுப்புதான் மலிவான நோய். பல நேரம் ஏர் ஃபில்டர் மாற்றினாலே போய்விடும்.

அந்த ஏர் ஃபில்டரை நான் சாதாரணமாக நினைக்க மாட்டேன். டீசல் இன்ஜினில் காற்றை மடக்கும் தடுப்பு பெட்ரோல் இன்ஜினில் இருப்பதுபோல் வேலை செய்வதில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் விட்டாலும் அது நெஞ்சு நிறைய மூச்சு இழுக்கிறது. இரண்டரை லிட்டர் இன்ஜின் 2,000 சுற்றில் நிமிஷத்துக்கு 2,500 லிட்டர் காற்றை உறிஞ்சும். டர்போ இருந்தால் இன்னும் அதிகம். மணிக்கு ஒன்றரை லட்சம் லிட்டர்: முப்பது அடி நீளமும் பதினாறு அடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள ஒரு கூடத்தை மணிக்கொருமுறை காலி செய்கிற அளவு. அந்தக் காற்றில் எரியோட்டுப் பக்கத்துச் செம்மண் காட்டுப் புழுதி இருந்தால்? புழுதியில் பெரும்பங்கு குவார்ட்ஸ் துகள். அது இரும்பை விடக் கடினமானது. ஃபில்டரில் ஒரு கிழிசல், ஃபில்டருக்குப் பின்னால் வரும் ரப்பர் குழாயில் ஒரு விரிசல், கிளிப் ஒன்று தளர்வு. இவற்றில் ஏதாவது ஒன்று போதும், ஒரு கோடைக்குள் இரண்டு லட்சம் கிலோமீட்டர்த் தேய்மானம் வந்துவிடும். அந்தக் குழாயைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்பு ஏறினால், விற்கிறவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் அந்த இன்ஜின் மண் தின்றிருக்கிறது.

மில் வண்டிக்கும் ஒரு தனி நோய் உண்டு. கழிவுப் பஞ்சு ஏற்றிய வண்டியின் ரேடியேட்டர்த் தகடுகளுக்கு நடுவே பஞ்சு மெத்தை கட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தால்தான் ஒளி ஊடுருவாதது புரியும். சமவெளியில் வெறும் வண்டியாக ஓட்டினால் சூடு முள் ஏறாது. லோடோடு, மேம்பாலத்து ஏற்றத்தில், மூன்றாம் கியரில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

டீசலைப் பீய்ச்சும் விஷயத்தில் பழைய வண்டிக்கும் புது வண்டிக்கும் ஒரு தலைமுறை வித்தியாசம். போஷ் நிறுவனம் 1927-இல் டீசல் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. ஏறக்குறைய அதே தத்துவத்தில்தான் நம் ஊரின் பழைய பிக்கப்புகள் ஓடின. பம்ப் எலிமென்ட் சுவரோடு உராயும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான் என்றாலும் அது பொறுமையான சாதனம். பம்ப் சர்வீஸ் பட்டறையில் கழற்றி மாட்டிவிடலாம். புது வண்டிகளில் காமன் ரெயில் என்ற முறை வந்த பிறகு அழுத்தம் 1,600 பாருக்கும் மேலே போனது. நாசில் நுனியில் இருக்கும் துளைகள் தலைமுடியை விடக் கொஞ்சம்தான் பருமன். டீசல் டேங்கில் நின்ற தண்ணீர், கலப்பட மண்ணெண்ணெய், மாற்றாத டீசல் ஃபில்டர் எல்லாம் அந்த நுனியில்தான் கணக்குத் தீர்க்கும். டீசலுக்கு இருக்கும் வழவழப்பு மண்ணெண்ணெய்க்குக் கிடையாது, பம்புக்கோ டீசலே ஆயில்.

காமன் ரெயில் வண்டி வாங்குகிறவர்கள் ஒரு அழகான சோதனையைப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பும் மெல்லிய குழாய்களைக் கழற்றி, நான்கு சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் விடுவார்கள். இன்ஜினை ஓட விட்டு ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் காத்திருப்பார்கள். நான்கு புட்டியிலும் ஒரே மட்டத்தில் டீசல் ஏறினால் நிம்மதி. ஒன்றில் மட்டும் இரண்டு மடங்கு ஏறினால் அந்த இன்ஜெக்டர் உள்ளுக்குள் தேய்ந்து ஒழுகுகிறது. ஸ்கேனர், கம்ப்யூட்டர் எதுவும் காட்டாததை நான்கு புட்டி காட்டிவிடும். பி.எஸ்.6 வண்டிகளில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி. பிடித்த கரியை அது அவ்வப்போது அறுநூறு டிகிரியை ஒட்டிய சூட்டில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அந்தச் சூடு வர நெடுந்தூரம் ஓட வேண்டும். தெருத் தெருவாக நின்று போகிற வண்டிக்கு அது வாய்க்காது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். கிலோமீட்டர் குறைவான வண்டியே மோசமான வண்டியாக இருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இன்ஜின் எப்படிப் போனாலும் பணம் கொடுத்தால் சரியாகிவிடும். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் திண்டுக்கல்லில் கிடைக்கும். சேஸிஸ் அப்படி இல்லை. உலோகத்துக்குக் களைப்பு உண்டு என்பதை ஜெர்மனியில் ரயில்வேப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அச்சுகளை வைத்துச் சோதித்து நிறுவினார். ஒரே அடியில் உடையாத இரும்பு, அதைவிட மிகக் குறைந்த பாரத்தை லட்சக்கணக்கான முறை வாங்கினால் உடையும். பற்றவைத்த இணைப்புகளில் விதி இன்னும் கொடுமை: தாங்கும் பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒன்றாகக் குறையும். ஒன்றரை டன் வண்டியில் மூன்று டன் எம்-சாண்ட் ஏற்றி ஒரு வருஷம் ஓட்டியவர், அளவாகக் காய்கறி ஏற்றியவரின் எட்டு வருஷத்தைத் தின்றிருக்கிறார். மீட்டரில் அது ஏறாது.

வேறு இடத்தில் ஏறியிருக்கும். பின்பக்கம் குனிந்து ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததைவிட ஒன்றிரண்டு கூட இருந்தால் அதிக லோடு அடித்த வண்டி. பட்டை கூடக் கூட ஸ்பிரிங் விறைத்துப் போகும். பள்ளத்தில் விழும் அதிர்ச்சியை அது வாங்காமல் சேஸிஸுக்கு அனுப்பிவிடும். ஆகவே அடுத்துப் பார்க்க வேண்டியது பட்டை சேஸிஸில் மாட்டும் பிராக்கெட்டைச் சுற்றி. மொத்தச் சேஸிஸும் மங்கிக் கிடக்க, ஒரு முழ நீளத்துக்கு மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் மினுங்கினால் அடியில் வெல்டிங் இருக்கும். நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பாடித் தகட்டில் சின்னக் காந்தத்தை நகர்த்திக்கொண்டே போனால் பட்டி வைத்து மூடிய இடத்தில் காந்தம் வழுக்கி விழும்.

இனி அந்த மீன் வண்டி. துரு என்பது ஒரு மின்கலம். இரும்பின் ஓர் இடம் எலக்ட்ரானை விடுகிறது, இன்னோர் இடத்தில் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்கிறது, நடுவே கம்பியாக இருப்பது ஈரம். வெறும் தண்ணீர் மோசமான கம்பி. உப்புத் தண்ணீர் நல்ல கம்பி. உப்பில் உள்ள குளோரைடு, இரும்பின் மேல் படியும் மெல்லிய காப்புப் படலத்தையும் துளைத்துவிடும். ஐஸ் உருகி ஒழுகும் மீன் தண்ணீர் சேஸிஸின் பெட்டி மாதிரியான இடுக்குகளுக்குள் இறங்கிக் காய்ந்து உப்பாக நிற்கிறது. வேடசந்தூர் வறண்ட ஊர்தானே, காய்ந்த உப்பு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். காற்றின் ஈரப்பதம் எழுபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஐப்பசி இரவு எதுவும் அதற்குப் போதும். மீன் ஏற்றுவதை நிறுத்திய பல வருஷத்துக்குப் பிறகும், ஒவ்வொரு மழைக்கால இரவிலும் அந்தச் சேஸிஸ் உள்ளுக்குள் நனைந்துகொண்டே இருக்கும். துரு, தான் தின்ற இரும்பை விடப் பருத்தது; தகடுகளுக்கு நடுவே உப்பி அவற்றைப் பிளந்துவிடும். ஆட்டு வண்டி இதற்கு அடுத்த இடம். ஆட்டு மூத்திரத்தில் உப்பும் இருக்கிறது, அது நாள்பட அம்மோனியாவும் தருகிறது. ஆனால் பெரும்பாலும் பின்பெட்டியின் தளத்தோடு நின்றுவிடும். தளத்தை மாற்றிக்கொள்ளலாம்.

கிரீஸ் நாட்டு டாக்சிக்காரர் ஒருவர் 1976-ஆம் வருஷத்து மெர்சிடிஸ் 240டி டீசல் காரை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். 2004-இல் அது அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குப் போனது. வழியில் இன்ஜினைப் பலமுறை கழற்றி மாற்றினார்கள். கார் ஒன்றே, இன்ஜின்கள் வேறு வேறு. வேடசந்தூர் ஆட்கள் பேரம் பேசும் முறையும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. பேக் கம்ப்ரஷன் இருந்தால் இன்ஜின் வேலைக்கு ஆகும் தொகையை விலையில் கழித்துக்கொண்டு வாங்குவார்கள். கிரவுனில் சத்தம் வந்தால் அதற்கும் கழிப்பார்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டால் பல்சக்கரப் பல்லின் ஒரு பக்கம், விடும்போது ஊளையிட்டால் மறுபக்கம் தேய்ந்திருக்கிறது என்று தனித்தனியாகச் சொல்கிற காது உள்ளவர்கள் இருக்கிறார்கள். சேஸிஸில் கோளாறு என்றால் கழிப்பதற்கு ஒன்றும் இல்லை, வண்டியையே விட்டுவிடுவார்கள்.

பேப்பர் வேலை தனிப் புராணம். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அதன் பிறகு வருஷா வருஷமும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும் என்பதால், எஃப்.சி. முடியப்போகும் வண்டியைத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் அதிகம். ஃபைனான்ஸ் பாக்கி தீர்ந்து ஆர்.சி.யில் அடமானப் பதிவு நீங்கியிருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். ஆனால் அதையெல்லாம் பார்ப்பதற்கு முன்னால் சேஸிஸில் குத்தியிருக்கும் எண்ணைக் கண்டுபிடியுங்கள். மண்ணையும் கிரீஸையும் துடைத்துவிட்டு, மெல்லிய காகிதத்தை அதன் மேல் வைத்து பென்சிலைப் படுக்க வைத்துத் தேயுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொடுக்கிற அதே பென்சில் பிரின்ட்தான். எழுத்துகள் ஒரே வரிசையில், ஒரே ஆழத்தில் எழும்பி ஆர்.சி.யோடு ஒத்துப்போனால் விலை பேச உட்காரலாம். ஏதாவது ஓர் எழுத்து துருவில் மறைந்தோ, சுற்றிலும் கிரைண்டர் ஓடிய தடத்தோடோ வந்தால், அன்றைக்கு டீக்காசு மட்டும் கொடுத்துவிட்டு வரலாம்.